முதல் பெரிய போட்டி டோக்கியோவில்: அப்பா வெட்டிக் கொடுத்த பெட்டியோடு போகலாமா?

கேள்வி:

எனக்கு 24 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் வெளிவந்த 2023 ஜூனிலிருந்து கம்ப்யூட்டரில் ஆடி வருகிறேன். நான் எடுக்கும் கேரக்டர் கைல். மாஸ்டர் ரேங்கில் 1600 புள்ளியை ஒட்டி நிற்கிறேன். ஆனால் எல்லாமே ஆன்லைன் ஆட்டம்தான். நேரில் ஆடியது, சென்னையில் 16 பேர் கூடிய ஒரு சிறிய போட்டியில் மட்டும்.

டோக்கியோவில் நடக்கும் ஈவோ ஜப்பான் என்ற பெரிய சண்டை கேம் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இரண்டு வருடம் சேர்த்த பணம். கடன் எதுவும் இல்லை. தனியாகப் போகிறேன். என்னுடைய லீவர்லெஸ் பெட்டி (குச்சி இல்லாமல் பட்டன்கள் மட்டும் உள்ள கன்ட்ரோலர்) நானே செய்தது. உள்ளே ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறிய கணினி போர்டு. மேல் தகட்டை அப்பா தன் லேத் பட்டறையில் வெட்டிக் கொடுத்தார். அதையே கொண்டுபோகலாமா? இந்த இரண்டு மாதத்தில் எப்படித் தயாராவது? எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது, ஆங்கிலமும் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு செலவு செய்து போய், முதல் இரண்டு மேட்ச்சிலேயே தோற்று வெளியே வந்தால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? "விளையாடறதுக்கு ஜப்பானா?" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்.

பதில்:

தம்பி,

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இருந்தாலும் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் பத்து வருடமாகப் போட்டிகளில் பூல், அதாவது முதற்கட்டச் சிறு குழு ஆட்டங்கள், நடத்துகிறேன், பயிற்சியும் கொடுக்கிறேன். நன்றாக ஆடக்கூடிய பையன்கள் கருவி மக்கர் செய்ததால் கலங்கி நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிலும் உங்கள் பெட்டியில் இரண்டு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டரில் ஆடும்வரை இரண்டுமே கண்ணில் படாது.

முதலாவது, அங்கே நீங்கள் ஆடப்போவது பிளேஸ்டேஷன் 5-இல். பிளேஸ்டேஷன் 4-க்கான பழைய ஸ்டிக்குகளைக்கூட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அதில் ஏற்றுக்கொள்ளும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் சோனியின் அங்கீகாரச் சாவி இல்லாத போர்டு என்றால், இணைத்த எட்டாவது நிமிடத்தில் கன்சோல் அதைத் துண்டித்துவிடும். பிக்கோ போர்டில் வீட்டில் செய்த பெட்டிகள் பெரும்பாலும் இந்த வகை. ஒரு ரவுண்டுக்கு 99 விநாடி, ஒரு கேமுக்கு மூன்று ரவுண்டு வரை, மூன்று கேம் வரை போகும் மேட்ச். எட்டு நிமிடம் எங்கே போய் விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேமில், அடுத்த அடிக்காகத் திசைப் பட்டனை அழுத்திச் சார்ஜ் பிடித்திருக்கும்போது கைல் அப்படியே நின்றுபோவான். நடுவில் ஆட்டம் நின்றால், யாருடைய கருவியால் நின்றதோ அவருக்கு அந்த ரவுண்டு போய்விடும். பொதுவான விதி அதுதான்.

இதற்கு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஒரு கருவியை இடையில் வைத்து அனுமதியைக் கடத்தும் வசதி, உங்கள் போர்டில் கூடுதல் யுஎஸ்பி வாய் இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் புரூக் போன்ற நிறுவனங்களின் மாற்றி (கன்வெர்ட்டர்) ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எது செய்தாலும் கோவையில் பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஆடிப் பாருங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறையும் பாருங்கள், ஏனென்றால் கன்சோலின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் நேற்றுவரை ஓடிய மாற்றி இன்றைக்கு ஓடாமல் போகலாம். புதிய மெலிந்த மாடலில் முன்பக்கம் இருப்பது இரண்டும் சி வகை யுஎஸ்பி வாய். உங்கள் கேபிளின் முனை பழைய அகலமான வகை என்றால் ஒரு சிறிய இணைப்பானையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேபிள் இரண்டு. சாதாரண கன்ட்ரோலர் பேட் ஒன்று, கம்பியோடு. ஒருவேளை பேட்டில் ஆட நேர்ந்தால், அதைக் கம்பியில் செருகியே ஆடுங்கள். ஆடி முடித்ததும் இணைப்பை நீக்குங்கள். வயர்லெஸ்ஸில் விட்டுவிட்டு எழுந்து போனவரின் பேட், அடுத்தவர் மேட்ச்சை நடுவில் நிறுத்திய சண்டைகளை நான் தீர்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. கைல் ஆடுகிறேன், பெட்டி நானே செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகவேண்டும் என்று போர்டில் ஓர் அமைப்பு இருக்கும். "கடைசியாக அழுத்தியதே செல்லும்" என்று அதை வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் இடதை விடாமல் பிடித்துக்கொண்டே வலதைத் தட்டி, தூரத்திலிருந்து தாக்கும் சோனிக் பூம் விடப் பழகியிருப்பீர்கள். விரலை எடுத்ததும் அடுத்த சார்ஜ் தானாகத் தொடங்கிவிடும். இந்த கேமை உருவாக்கிய கேப்காம் 2023-இல் தன் போட்டித் தொடரில் இதைத் தடை செய்தது. எதிரெதிர்த் திசைகள் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றை மீறக்கூடாது. உங்கள் போட்டியின் விதிப் பக்கத்தை இன்றைக்கே படியுங்கள், அமைப்பை இன்றைக்கே, இரண்டும் சேர்ந்தால் எதுவும் செல்லாத நடுநிலைக்கு மாற்றுங்கள். மாற்றிய முதல் வாரம் உங்கள் பூம்கள் பாதி வராது. இடதை முழுதாக விட்டுவிட்டுத்தான் வலதுக்குப் போகவேண்டும், அது வேறொரு தாளம். ரேங்க் சரியும், சரியட்டும். இரண்டு மாதம் இருக்கும்போதே எழுதினீர்களே, அது நல்லதாகப் போயிற்று.

சரி, இப்போது அந்தக் கடைசிக் கேள்வி.

இரண்டு தோல்விக்குப் பிறகு வெளியேற்றும் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 16 பேர் கொண்ட ஒரு பூலை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் எட்டுப் பேர் தோற்பார்கள். அந்த எட்டுப் பேரும் லூசர்ஸ் என்ற, ஒரு முறை தோற்றவர்களின் பக்கத்தில் தங்களுக்குள் மோதுவார்கள். நான்கு பேர் ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியே. வின்னர்ஸ் பக்கத்தில் இரண்டாம் சுற்றில் தோற்ற நான்கு பேர் கீழே இறங்கி, தப்பிப் பிழைத்த நான்கு பேருடன் மோதுவார்கள். இன்னும் நான்கு பேர் ஒரே ஒரு வெற்றியோடு வெளியே. ஆக, 16 பேரில் எட்டுப் பேருக்கு அன்றைய கணக்கு அதிகபட்சம் ஒரு வெற்றி. எவ்வளவு திறமைசாலிகள் கூடினாலும் இந்தப் பங்கு மாறாது. பிராக்கெட் எனப்படும் போட்டி அட்டவணையின் வடிவமே அப்படி. 2023 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் ஆடினார்கள். இந்தக் கணக்குப்படி அதில் ஏறத்தாழ 1,750 பேர் ஒரு மேட்ச்கூட வெல்லாமல் வெளியேறியிருப்பார்கள். அவர்களும் தங்கள் ஊரில் கெட்டிக்காரர்கள்தான். விமான டிக்கெட் எடுத்து வந்தவர்கள்தான்.

இதை உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் போகிற மனநிலையில் நீங்கள் டோக்கியோவுக்குப் போகிறீர்கள். இரண்டு மேட்ச் உங்களுக்கு மார்க் போடப்போகிறது என்று நினைக்கிறீர்கள். நம்மை வளர்த்த விதம் அப்படி, அதனால் இது உங்கள் குற்றமில்லை. ஆனால் மூன்று நாள் நடக்கிற நிகழ்ச்சியில் பிராக்கெட் உங்களுக்குக் கட்டாயமாகத் தருவது இரண்டே மேட்ச், அதிகம் போனால் முக்கால் மணி நேரம். மீதி நேரம் முழுக்க உங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான பேர் அதே ஆட்டத்தோடு, அதே பைத்தியத்தோடு இருப்பார்கள். அவர்களோடு பிராக்கெட்டுக்கு வெளியே ஆடும் கேஷுவல் ஆட்டங்களுக்காகத்தான் நீங்கள் இரண்டு வருடம் பணம் சேர்த்தீர்கள். பெயர் கொடுத்தது அந்த இடத்துக்குள் நுழைவதற்கான சீட்டு. என் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இது எனக்குத் தெரிந்தது 2015-இல். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு போட்டிக்குப் போனேன், அப்போது அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4. காலையில் பதினொரு மணிக்கு என் பூல், பதினொன்றரைக்குள் இரண்டு தோல்வி. யாருடைய கண்ணையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் மாலைவரை படுத்துக் கிடந்தேன். அம்மா இரண்டு முறை அழைத்தாள், எடுக்கவில்லை. பசி தாங்காமல் கீழே வந்தபோது, என்னை லூசர்ஸில் தோற்கடித்த சீன அண்ணன் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். "எங்கே காணாமல் போனாய்? உன்னைத் தேடினேன்" என்றார். அவர்கள் நான்கைந்து பேர் ஒரு அறையில் மானிட்டர் போட்டிருந்தார்கள். இரவு இரண்டு மணிவரை ஆடினோம். நடுவில் அவர் ஆட்டத்தை நிறுத்தி ஒன்று சொன்னார்: "இரண்டு ஃபயர்பாலைத் தடுக்கிறாய், மூன்றாவதுக்கு எப்போதும் குதிக்கிறாய். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன்." மூன்று வருடம் ஆன்லைனில் ஆடியும் எனக்குத் தெரியாத விஷயம் அது. ஆன்லைனில் என்னை அடித்தவர்கள் யாரும் நின்று சொல்லமாட்டார்களே. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மறுபடியும் அந்தச் செலவைச் செய்வேன். அன்று மதியம் அறையில் கிடந்த ஆறு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வாக்குறுதி கேட்கிறேன். தோற்றால் அறைக்குப் போகாதீர்கள். முகம் கழுவுங்கள், வெளியே பத்து நிமிடம் நடங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், திரும்பி வந்து காலியாக இருக்கும் ஒரு ஸ்டேஷனில் (கன்சோலும் திரையும் உள்ள மேசை) உட்காருங்கள். முடிந்தால் உங்களைத் தோற்கடித்தவரையே தேடிப் பிடியுங்கள்.

பேச வராது என்கிறீர்களே, அதற்கு இந்த ஊர் பொருத்தமான ஊர். அங்கே பாதிப் பேர் உங்களைப் போலவே கூச்சக்காரர்கள், ஆங்கிலமும் அதிகம் பேசமாட்டார்கள். கேஷுவல் ஆட்டத்துக்கு அவர்கள் மொழியில் "நோஜியாய்" என்று பெயர். "தைசென் ஒனெகாய்ஷிமாசு" என்றால் "ஓர் ஆட்டம் ஆடலாமா, தயவுசெய்து" என்று பொருள். அதைச் சொல்லிப் பெட்டியைக் காட்டினால் போதும். ஆட்டம் தொடங்கும்போது "யோரோஷிகு ஒனெகாய்ஷிமாசு", முடிந்ததும் "அரிகாத்தோ கோசைமஷிதா", லேசாகத் தலை வணங்கி. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூடவே ஒரு சிறிய அட்டை அடித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஆட்டப்பெயர், ஊர், கைலின் படம். அங்கே பெயர் அட்டையை இரண்டு கையாலும் கொடுத்து வாங்குவது வழக்கம். ஒரு கைல்காரர் இன்னொரு கைல்காரரைக் கண்டால் பேச்சே தேவையில்லை, இருவரும் ஒரே காம்போவை (தொடர் அடிகளை) செய்து காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து போகிறவர்கள் கையில் ஏதாவது தின்பண்டம் கொண்டுபோவதும் அவர்களுக்குப் பிடித்த பழக்கம். கோவைக்காரரான உங்களுக்கு நான் மைசூர்பாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பெட்டியும் ஒரு துணைதான். கையால் வெட்டிய தகடு என்று தெரிந்தால் நாலு பேர் தொட்டுப் பார்க்க வருவார்கள்.

தயாரிப்புக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். காலை பத்து மணிக்கு உங்கள் பூல் என்றால், உங்கள் உடம்புக்கு அது காலை ஆறரை. நீங்கள் வேலை முடிந்து இரவு பத்துக்கு மேல் ஆடுகிறவராக இருந்தால், ஆறரை மணிக்கு உங்கள் விரல்கள் எப்படி ஆடும் என்று உங்களுக்கே தெரியாது. கடைசி மூன்று வாரம் காலை ஆறரைக்கு எழுந்ததும் ஒரே ஒரு செட் ஆடுங்கள். முன்னால் பயிற்சி அறை கிடையாது, கை சூடேற்றல் கிடையாது. முகம் கழுவி, உட்கார்ந்து, ரேங்க் ஆட்டத்தில் வருகிற முதல் ஆளோடு இரண்டு வெற்றிக்கான செட். ஜெயித்தீர்களோ தோற்றீர்களோ, ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எதனால் என்று. அப்புறம் குளிக்கப் போங்கள். அந்தச் சில நிமிடங்கள்தான் உண்மையான போட்டிக்கு மிக அருகில் இருக்கிற பயிற்சி. இரவில் ஐம்பது ஆட்டம் ஆடிக் கை பழகிய பிறகு வருகிற வெற்றி உங்களைப் பற்றி அதிகம் சொல்லாது.

அந்த நேரத்தில் சத்தத்தை அணைத்துவிடுங்கள். டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி வெளிப்பட 26 ஃபிரேம், விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அரை விநாடிக்கும் குறைவு. வீட்டில் அதற்குப் பதில் கொடுக்கிறீர்கள் என்றால் பாதி வேலையைக் காது செய்கிறது, உங்களுக்குத் தெரியாமலே. அந்தக் கூடத்தில் நூற்றுக்கணக்கான ஸ்டேஷன், மேடையில் வர்ணனை, பக்கத்தில் யாரோ கத்துவார்கள். கண்ணால் மட்டும் பிடிக்கப் பழகவேண்டும். அம்மா சமையலறையில் மிக்ஸி ஓட்டும் நேரம்கூட நல்ல நேரம்தான்.

பதற்றம் வரும். கை நடுங்கும், அதை நிறுத்த முயலவேண்டாம். நடுங்கும் கையால் எது முடியுமோ அதை மட்டும் செய்யும்படி ஆட்டத்தை முன்கூட்டியே சுருக்கிக்கொள்ளுங்கள். கைலுக்கு பெர்ஃபெக்ட் சோனிக் பூம் என்று நுணுக்கமான நேரம் கேட்கும் ஒன்று இருக்கிறதே, அதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். வந்தால் லாபம். உங்கள் மிகப் பெரிய காம்போவைவிடக் கொஞ்சம் குறைந்த அடி தரும், ஆனால் பத்துக்குப் பத்து விழும் காம்போ ஒன்றை ஒவ்வொரு சூழலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குதித்து வருகிறவனை ஃபிளாஷ் கிக்கால் அடிக்கக் கீழே சார்ஜ் இருக்கவேண்டும். பதற்றத்தில் அது இருக்காது. கைல் குனிந்தபடி விடும் ஹெவி பஞ்ச் இருக்கிறதே, அது போதும். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் கற்காதீர்கள். புதிதாகக் கற்றது பதற்றத்தில் முதலில் கைவிட்டுப் போகும்.

முதல் கேம் தோற்றதும் அடுத்த கேமுக்கான பட்டனை உடனே அழுத்துகிற பழக்கம் ஆன்லைனில் ஆடும் எல்லோருக்கும் உண்டு. கையைப் பெட்டியிலிருந்து எடுங்கள். தண்ணீர் ஒரு வாய். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், உள்ளே இழுத்ததைவிட நீளமாக. "எதில் அடி வாங்கினேன்?" என்று ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில். "இரண்டு முறை மூலையில் த்ரோ வாங்கினேன்" என்று தெரிந்தால் அதைத் தடுப்பது மட்டும்தான் அடுத்த கேமின் வேலை. நிதானமாக இருப்பதற்காக யாரும் உங்களைக் கோபிக்கமாட்டார்கள். நிமிடக்கணக்கில் இழுக்காமல் இருந்தால் சரி.

பூல் நாளைப் பற்றி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவனாகச் சொல்கிறேன். அரை மணி நேரம் முன்பே வாருங்கள். வந்ததும் பூல் நடத்துகிறவரிடம் உங்கள் ஆட்டப்பெயரைச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போங்கள். பெயர் அழைத்து ஆள் இல்லை என்றால் எங்களால் காத்திருக்க முடியாது, அடுத்த பூல் அதே ஸ்டேஷனுக்காக நின்றுகொண்டிருக்கும். உட்கார்ந்ததும் பட்டன் செக் கேளுங்கள். எட்டு பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கூச்சத்தில் "பரவாயில்லை" என்று தொடங்கிவிட்டு, முதல் ரவுண்டில் த்ரோ வேறு பட்டனில் இருப்பதைக் கண்டு பதறிய பையன்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. முதல் கேமுக்கு இருவரும் ரகசியமாக கேரக்டர் தேர்வு செய்யவேண்டும் என்று கேட்கும் உரிமை வழக்கமாக உண்டு. கைல் மட்டும் ஆடும் உங்களுக்கு அதனால் பெரிய பயனில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் கேட்டால் திகைக்கவேண்டாம்.

பயண விஷயங்கள் சுருக்கமாக. விசாவை முதலில் முடியுங்கள், திரும்பப் பெற முடியாத எந்தப் பணத்தையும் அதற்குமுன் கட்டாதீர்கள். பெட்டி கைப்பையில்தான் போகவேண்டும், செக்-இன் பையில் போடாதீர்கள். தகடும் வயருமாக இருப்பதால் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள், திறந்து காட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போகவேண்டாம், அதையே பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டி வேலை செய்யும் வீடியோ ஒன்று போனில் இருந்தால் போதும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். டோக்கியோ பிக் சைட் அரங்குக்கு ரின்காய் ரயிலில் கொக்குசாய் தென்ஜிஜோ நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். போட்டிக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். சைவம் என்றால் சாப்பாட்டுக்குக் கஷ்டம்தான், பார்க்கச் சைவமாக இருக்கும் சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி காசாய் பகுதியில் நம் சாப்பாடு கிடைக்கும். அங்கேயே அறை எடுப்பதும் நல்ல யோசனை. கூடத்தில் ஏசி குளிரில் விரல் விறைத்துப்போகும், அதனால் ஒரு மெல்லிய கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

நாள் ஒழுங்காகப் போகாமலும் போகலாம். லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பானுக்கு வந்தபோது விசாத் தாமதமும் விமானக் குளறுபடியுமாகக் களைத்துத்தான் வந்து சேர்ந்தார். டெக்கன் 7 என்ற சண்டை கேமில் அவரை அப்போது வெளியுலகத்தில் அநேகம் பேருக்குத் தெரியாது. பட்டத்தையே வென்றார், அதே வருடம் லாஸ் வேகாஸிலும் வென்றார். நீங்களும் வெல்வீர்கள் என்பதற்காக இதை எழுதவில்லை. அவர் ஆன்லைனில் வளர்ந்தவர் இல்லை, லாகூரில் கடைகளில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடி வளர்ந்தவர். நேரில் ஆடுவது என்ன தரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி அவர். கோவையிலும் ஆடுகிற நான்கு பேர் இருப்பார்கள். இந்த இரண்டு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அப்பாவைப் பற்றி. பரிசுப் பணத்தைச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க முயலாதீர்கள். கேப்காம் கோப்பையில் பத்து லட்சம் டாலர் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொன்னால் நீங்கள் அதை ஜெயிக்கப் போவதாகத்தான் அவருக்குக் கேட்கும். வெறுங்கையோடு திரும்பும்போது அது பொய்யாகிவிடும். செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். "ஜெயிப்பது கஷ்டம், கற்றுக்கொண்டு வருவேன்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். தோற்றபிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று அவர் கேட்டால், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குப் பதக்கம் கொடுத்தார்கள், இந்தியாவிலிருந்தும் இருவர் போனார்கள், தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்வூவுக்கு 44 வயது என்று சொல்லலாம்.

ஆனால் அவரோடு பேச உங்களுக்கு இதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது. விளையாட்டுக்கு ஜப்பானா என்று கேட்ட அதே மனிதர்தான் அந்தத் தகட்டை அளவெடுத்து வெட்டிக் கொடுத்தவர். பட்டறைக்குப் போய், போட்டிக்கு மாற்றுப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். எட்டு நிமிடத்தில் கன்சோல் ஏன் துண்டிக்கிறது, கூடுதல் யுஎஸ்பி வாய்க்குப் பக்கவாட்டில் எவ்வளவு துளை வேண்டும், மணிக்கட்டு படும் விளிம்பை எவ்வளவு மழுக்கவேண்டும் என்று அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். முதல் பெட்டியில் எது சரியில்லை என்று அவருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பெட்டி தயாரானதும், அவரையும் கூட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய் அந்த ஒரு மணி நேரச் சோதனையைச் செய்யுங்கள்.